பெல்ட் பேரம்

ராஜாமணியின் உயிரும் அவன் மனைவி ஜோதியின் உயிரும் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய். ஒரகடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் டில்லிபாபு, டிராக்டர் ஃபேன் பெல்ட்டுக்குச் சொன்ன விலை அது. ராஜாமணி இருநூறுக்குக் கேட்டான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் கோளாறே இல்லை, ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்தாயிற்று, இஞ்சின் நிற்கவில்லை என்றான். பைக்கில் கற்ற வித்தை.

"அது டீசல் வண்டி நைனா. பேட்டரிய வூட்ல வெச்சிட்டு வந்தாலும் ஓடும். பெல்ட்டு வழுக்குது, அதான் சார்ஜ் ஏறல" என்றான் டில்லிபாபு.

விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? ராஜாமணி சிரித்துவிட்டு, வேண்டாமென்று நடையைக் கட்டினான். நாலடி போவதற்குள் கூப்பிட்டுக் குறைப்பான் என்று காதைப் பின்னால் வைத்திருந்தான். டில்லிபாபு கூப்பிடவில்லை.

வைக்கோல் டிரெய்லரோடு வடக்குப்பட்டுக்குத் திரும்புகையில் இருட்டிவிட்டது. முன்விளக்கு மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகியது. சார்ஜ் மீட்டர் முள் இடப்பக்கம் படுத்தே கிடந்தது. வரவே இல்லாத செலவு. ஷிப்ட் விட்ட பஸ்களும் கண்டெய்னர்களும் உரசிப் போயின. ஒவ்வொன்றின் காற்றும் வைக்கோலைப் பிடுங்கியது.

"யோவ், பின்னாடி லைட்டு செத்துப்போச்சுய்யா" என்றாள் மட்கார்டில் உட்கார்ந்திருந்த ஜோதி.

பெல்ட்டை இறுக்க இஞ்சினை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் இந்தப் பேட்டரி மறுபடி எழுப்பாது. எப்படியோ மேம்பாலத்து இறக்கம்வரை ஓட்டிவந்து ஓரங்கட்டினான். இறக்கத்தில் உருட்டிக் கிளப்பிவிடலாம். இஞ்சினை அணைத்தான்.

ஜோதி இறங்கி, டிரெய்லருக்குப் பின்னால் போய் செல்போன் டார்ச்சை ஆட்டினாள். ராஜாமணி தடவித் தடவி டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பினான். பெல்ட் வெடித்திருந்தது விரலுக்குத் தெரிந்தது. அதிகம் நெம்பினால் அறுந்துவிடும். போல்ட்டை இறுக்கும்போது பின்னால் ஹாரன் நீளமாக அலறியது. பிரேக் கிறீச்சிட்டது. டிரெய்லரின் ஓரப்பலகையை எதுவோ தேய்த்துக்கொண்டு போனது.

டார்ச் வெளிச்சம் இல்லை.

"ஜோதி."

பின்னால் போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில், கடையில் தான் சிரித்த சிரிப்பு அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

தடுப்புக்கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் ஏறி வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. ஒரு காலில் செருப்பில்லை, கையில் போனில்லை. ஒன்றும் பேசாமல் மட்கார்டில் உட்கார்ந்தாள்.

வண்டி உருண்டது, இஞ்சின் பிடித்தது, முள் தயங்கித் தயங்கி வலப்பக்கம் சாய்ந்தது.

மறுநாள் ராஜாமணி பேரம் பேசாமல் பணத்தை வைத்தான். நோட்டு நல்லதுதானா என்று டில்லிபாபு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

பெல்ட்டுக்கு முந்நூற்றைம்பது, செருப்புக்கு இருநூறு, போனுக்கு எட்டாயிரம். அதெல்லாம் தீர்ந்தது. ஜோதி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்தப் பாக்கி எவ்வளவு என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.