நுரை

“இன்னொரு கரண்டி போடுங்க மாமா. சொந்தக்காரிகிட்டயே கஞ்சத்தனமா?”

அம்மாவின் தம்பியான மாமா சிரித்துக்கொண்டே டப்பாவுக்குள் கரண்டியை விட்டார். ஜிம்முக்குக் கீழேயே அவருடைய சத்துப் பவுடர் கடை. மேலே பயிற்சி முடிந்து, ஈரப் பனியன்களோடு ஆட்கள் இறங்கி வரும் நேரம். அதற்காகத்தான் காத்திருந்து வந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் குவளையை மாமாவே இலவசமாகக் கலக்கிக் கொடுப்பார். அண்ணனும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

“நல்லா குலுக்குங்க. நுரை வரணும்.”

அவர் கை நின்றது. “என்னம்மா, குத்தலா பேசுற?”

“நீங்க சொன்னதைத்தானே சொல்றேன்? ஒண்ணுக்கு நுரையா போகுதுன்னு அண்ணன் வந்து கேட்டப்போ, ‘பவுடர் வேலை செய்யுதுடா மாப்ள, இனிமே ரெண்டு கரண்டி போடு’ன்னீங்க.”

பெரிய டப்பா ஒன்றைக் குழந்தைபோல் அணைத்திருந்த குண்டு மனிதர், அதை மெல்ல மேசையில் இறக்கி வைத்தார்.

நுரை வந்தது சிறுநீரகம் பழுதானதால். டப்பாவில் எழுதாத எதையோ கலந்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். மேலே ஜிம்மில் எல்லாரும் ‘மலை’ என்று கூப்பிட்ட அண்ணன், இப்போது ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து, தன் ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய் இன்னொன்றின் வழியே திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோ எழுதும் நீண்ட சிவப்பு வாக்கியத்தைப் படிப்பவனைப்போல.

“உள்ள வா, பேசிக்கலாம்,” என்றார் மாமா தணிந்த குரலில். “நான்தான் அவனை வந்து பார்த்தேனே?”

“பார்த்தீங்க. ஒரு சீப்பு வாழைப்பழத்தோட. அது அவனுக்கு ஆகவே ஆகாதுன்னு நர்ஸ் வாங்கி வெச்சிட்டாங்க. முதல்ல செஞ்சது பத்தலையோன்னு நெனச்சேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார். ஒருவரும் வெளியே போகவில்லை.

“இது நல்ல சரக்கும்மா. சத்தியமா.”

“அப்ப நல்லதாப் போச்சு.”

அவர் எனக்காகக் கலக்கிய குவளையை அவர் பக்கமே நகர்த்தினேன். விளிம்புவரை வெள்ளையாக நுரைத்திருந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு எங்களைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. எத்தனையோ நாள் கழித்து எனக்கு மனம் குளிர்ந்தது.

“குடிங்க மாமா. இவங்க எல்லாரும் பார்க்கட்டும். ஒரே ஒரு மடக்கு.”