தீவை இழுக்க எந்த ரீல்

மேலமுனைக்கு எதிரே உள்ள சங்குத்திட்டு ஓரிடத்தில் நிற்காத தீவு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் நல்லது கெட்டதுக்கும் அதைத் தூண்டில் போட்டுத்தான் கரைக்கு இழுக்க வேண்டும். இழுப்பவள் அமலோற்பவம். ஆளைப் பார்த்தால் ஒரு குடம் தண்ணீர் தூக்குவாளா என்றிருக்கும். ஆனால் தூண்டிலைக் கையில் எடுத்துவிட்டாள் என்றால், அடேயப்பா! அந்த அழகைப் பார்க்க ஊரே போட்டது போட்டபடி ஓடிவந்து நிற்கும்.

புழுவுக்கும் இறாலுக்கும் தீவு வராது. தன்னிடம் இல்லாத பொருள் மேல்தான் அதற்கு ஆசை. அதனால் மணிக்கூண்டு, சினிமாத் தட்டி, பஸ் என்று மரத்தில் இரை செதுக்கி வைத்திருந்தாள். மணிக்கூண்டு மிதக்கும் இரை. சுண்டினால் ஒரு துள்ளு துள்ளிவிட்டுச் சும்மா கிடக்கும், நூல் தொளதொளத்துப் போகும். அந்தத் தளர்ச்சியைச் சட்டென்று வாரிக்கொள்ள, பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் உருளை எட்டு சுற்று சுற்றுகிற ரீல் வேண்டும். அதை எட்டு என்பாள். தகரம் மினுமினுக்க ஒரே சீராக நீந்துகிற சினிமாத் தட்டிக்கு ஆறு போதும். பஸ்தான் பொல்லாதது. முன்பக்கம் நாக்கு வைத்த இரை அது. இழுக்க இழுக்கத் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஆழத்துக்குப் போகும், கையே கழன்றுவிடும் போலக் கனக்கும். அதற்கு அஞ்சு. வேகம் குறைச்சல், பலம் ஜாஸ்தி. இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. பிடியில் கை வைத்தால் கைக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு அவள் தங்கச்சி ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கஸ்பார் தீவுக்காரன். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. விடிந்தால் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் சாமியார் தாலி மந்திரிக்கமாட்டார். ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கலாமே என்றால், போன தவக்காலத்தில் மேயப் போன தீவு அடைமழைக்குத்தான் திரும்பி வந்தது. ஜெசிந்தா கட்டியிருந்த பட்டு அந்தத் தடவையே எடுத்த பட்டு. இன்னொரு தரம் அதை மடித்து வைக்க அவளுக்குத் தெம்பில்லை.

தீவு வெகுதூரத்தில், வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பெட்டியும் தாம்பாளமுமாக அதன் ஓரத்தில் காத்திருப்பது தெரிந்தது. மூட்டை முடிச்சோடு ஆட்கள் நிற்கிற தீவுக்குப் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் மனசு போகாது. அமலோற்பவம் யோசிக்காமல் பஸ்ஸை முடிந்தாள்.

தாய்மாமன் தொபியாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏட்டி அமலி, நேரம் போகுது பாரு. எட்டைப் போட்டு விறுவிறுன்னு இழுத்துரு."

வேறொரு நாளாக இருந்தால் மாமாவுக்கு நல்ல ஏச்சு கிடைத்திருக்கும். அன்றைக்கோ அவள் முதுகுக்குப் பின்னால் தங்கச்சி நின்றாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, கை போய் எட்டை எடுத்து மாட்டிவிட்டது.

வீசினாள். பஸ் தண்ணீரைப் பிளந்துகொண்டு பறந்தது. தீவு ஆசையாகத்தான் கிட்டே வந்தது. பஸ் நிற்கவில்லை, அதன் மூக்குக்கு முன்னாலேயே கடந்து போய்விட்டது. நிற்காமல் போகிற பஸ்ஸைக் கண்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தீவு ஏதோ முணுமுணுத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிற்று.

"அக்கா, போகுதே!" என்று ஜெசிந்தா உடைந்துபோனாள்.

"அழாத. மை கலைஞ்சுரும்," என்றாள் அமலோற்பவம். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மாமா, அந்த அஞ்ச எடுங்க. பஸ்ஸுன்னா ஆள் ஏற நேரம் குடுக்கணும்லா?"

அஞ்சை மாட்டி மறுபடி வீசினாள். பஸ் மெல்ல ஊர்ந்தது, நின்றது, இன்னும் கொஞ்சம் ஊர்ந்து இன்னொரு தரம் நின்றது. தீவு திரும்பிப் பார்த்தது. பிறகு பாய்ந்து ஒரே கவ்வு!

தூண்டில் கழி வில்லாக வளைந்தது. அவள் பதறவில்லை. காலை மணலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இழுத்தாள், சுற்றினாள், இழுத்தாள். ஒரு தீவின் பாரம் முழுக்க அந்த ஒல்லிக் கையில்! பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தோள் வலித்தது.

பாதி தூரம் வந்ததும் தீவுக்கே குஷி பிறந்துவிட்டது. இழுக்காமலே கரையைப் பார்த்து ஓடிவர ஆரம்பித்தது. நூல் தளர்ந்தது. தளர்ந்தால் முள் கழன்றுவிடும். வாரிச் சுருட்ட அஞ்சுக்கு வேகம் கிடையாது, நடுவில் ரீலை மாற்றவும் வழியில்லை. எட்டு செய்திருக்க வேண்டிய வேலையை அமலோற்பவம் தன் காலிடம் கொடுத்தாள். சுற்றிக்கொண்டே பின்பக்கமாக ஓடினாள். வலை காயப்போட்ட மணலைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, முகத்தைத் திருப்பாமல், ஒரு கல்லில்கூட இடறாமல் ஓடினாள். கருவாட்டுக்காரிகள் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். அவள் முதுகு போய் முட்டியது கோயில் கதவில். தீவின் மூக்கு வந்து நின்றது கோயில் படியில். கஸ்பார் சட்டை நனையாமல் இறங்கினான்.

"யம்மா, என்ன பொம்பளைடி நீ!" என்று தொபியாஸ் மாமா தலைப்பாகையை அவிழ்த்து அவள் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

தீவென்றால் சுற்றிலும் கடல் இருந்தாக வேண்டும். ஆகவே கடலும் முழங்கால் அளவுக்குத் தெருவழியே கூடவே வந்திருந்தது. தாலி கட்டும்போது அது கடைசிப் பெஞ்சுப் பக்கம் சத்தமில்லாமல் நின்றது. ஜெசிந்தா சிரித்தபோது மட்டும் லேசாக ஒரு அலை எழுந்தது.

பந்தியில் கடலுக்கும் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் இடம் கொடுத்து இலை போட்டார்கள். உப்பு பரிமாறிக்கொண்டு வந்தவரிடம், அந்த இலைக்கு மட்டும் வேண்டாம் என்று அமலோற்பவம் சொன்னாள்.