தவலையின் இதயம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவுக்கு நான் வைத்த பொறி. இலக்கியம், கலை, மானுடம் என்று ஏதாவது இதில் வந்து மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

அக்கா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இரண்டு மாத வேலை என்று போனவள், ஆறு வருடம் கழித்துத்தான் தலை நிமிர்ந்தாள். (இங்கே ஒரு சோகக் காரணம் இருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்பாவுக்கு நோய், அந்த மாதிரி. அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். என்ன செய்ய?) இந்த வருடம் அதே கல்லூரியில், அதே விலங்கியலில், விட்ட இடத்திலிருந்து மறுபடி சேர்ந்திருக்கிறாள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் அச்சகம்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: ஆறு வருடங்களுக்குப் பிறகு கல்லூரி வாசலில் நின்றபோது அவள் கண்கள் பனித்தன, அவள் இதயம்

வேண்டாம். இதயம் என்று எழுதியதுமே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் அந்த முதல் உள்தேர்வால்தான்.

வினாத்தாளில் கடைசிக் கேள்வி இது: “தவலையின் இதயத்தைப் படம் வரைந்து விளக்குக.” தட்டச்சில் கை தவறி, தவளை தண்ணீர்த் தவலையாகிவிட்டது. வகுப்பில் மற்றவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, தவளையின் இதயத்தை வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா தவலையைச் சுழித்து, ஓரத்தில் தவளை என்று எழுதினாள். எடுத்த வேலையை அரைகுறையாக விடுவானேன்? முதல் வரியிலிருந்து திருத்திக்கொண்டே வந்தாள். மூன்று ஒற்று, ஒரு கால்புள்ளி, பிரிந்து கிடந்த இரண்டு சொற்கள். முழு வினாத்தாளையும் திருத்தி முடித்தபோது மணி அடித்துவிட்டது. இருபத்தைந்துக்கு மூன்று மதிப்பெண்.

அந்த வினாத்தாளைத் தயாரித்த விரிவுரையாளர், முதலாண்டில் அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஆசிரியர் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராம்:

“என் வினாத்தாளுக்கு நீ மார்க் போட்டுட்ட. உன் பேப்பருக்கு நான் என்னத்தடி போடறது?”

கூடவே விதியையும் சொல்லியிருக்கிறார். அடுத்த உள்தேர்வில் பதின்மூன்று வாங்கவில்லை என்றால் சேர்க்கை ரத்து. மறுசேர்க்கை என்பது ஒருவருக்கு ஒரு தடவைதான்.

3.

(கட்டுரை மாதிரி ஒரு பகுதி. பொறுமை இல்லாதவர்கள் நான்குக்குத் தாவலாம்.)

மெய்ப்புத் திருத்துகிறவர்கள் படிப்பதில்லை, பார்க்கிறார்கள். கதைக்குள் விழுந்துவிட்டால் எழுத்து தப்பிவிடும். அதனால் விழாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஒருமுறை அக்கா துப்பறியும் நாவல் ஒன்றைத் திருத்தி முடித்ததும் கொலைகாரன் யார் என்று கேட்டேன். “கொலையா? எனக்குத் தெரியாது. முயற்சி வர்ற இடத்துலெல்லாம் நடுவுல ஒரு ச் போட்டிருந்தாங்க” என்றாள்.

விலங்கியல் புத்தகத்தையும் அப்படித்தான் முடித்தாள். நான்கு பாடங்கள், நாற்பத்தொரு பிழைகள். மண்புழுவைப் பற்றிக் கேட்டால், ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும் என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எனக்குப் படிக்கவே மறந்துடுச்சுடா. எழுத்து தெரியுது. உள்ள என்ன இருக்குன்னு தெரியல.”

அன்றைக்கே உட்கார்ந்து இந்தக் கதையைத் தொடங்கினேன். அவளைப் பற்றியே எழுதி, பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், திருத்திக் கொடு என்று அவள் கையிலேயே கொடுப்பது. எங்கேயாவது தடுக்கி உள்ளே விழ மாட்டாளா?

4.

முதல் வடிவம்: இரண்டு ஒற்று, ஒரு மேற்கோள் குறியோடு திரும்பி வந்தது. கதை எப்படி என்றேன். எந்தக் கதை என்றாள்.

இரண்டாம் வடிவம்: நாயகி கல்லூரி வாட்ச்மேனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ‘திருமன மண்டபம்’ என்று எழுதியிருந்தேன். ணகரம் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் வடிவத்தில் ஆத்திரம் தாங்காமல் அவளைக் கொன்றே விட்டேன். மண்புழு கடித்து இறந்துக் கிடந்தாள். ‘இறந்து’வுக்குப் பின்னால் வந்த க்-ஐ நீக்கி, “இங்கே மிகாது” என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

தன் சாவிலேயே ஒற்றுப் பிழை பார்க்கிற ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படி ஐயா கதை எழுதுவது?

5.

நான்காம் வடிவத்தில் தந்திரம் எதுவும் இல்லை. நடந்ததை எழுதினேன். பொறி வைத்ததையும் எழுதினேன். மூன்று மதிப்பெண் வாங்கிய அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் அழுததாக மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். கடைசி வரி இப்படி நின்றது: ‘திங்கட்கிழமை தேற்வு. அவள்’. அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிட்டு, அடுக்களையில் வெங்காயம் உரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். உள்ளே பென்சில் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. பிறகு ஒரு சிரிப்பு. மேஜை இழுப்பறை திறந்தது. பழைய மூன்று வடிவங்களையும் எடுக்கிறாள் என்று புரிந்தது. நான் அதே வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

தாள்களோடு வந்து நின்றாள்.

“டேய், இது நானாடா?”

ஆமாம் என்றேன். பிடித்தது சனி. தான் அன்றைக்கு அழவே இல்லையாம், ஐஸ்கிரீம் தின்றுகொண்டே வந்தாளாம். வாட்ச்மேனுக்குப் பேரன் இருக்கிறானாம். மண்புழுவுக்குப் பல்லே கிடையாது, தாடையும் கிடையாது, எப்படிக் கடிக்கும், நாலாம் பாடத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று கேட்டாள். சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி நின்றாள்.

அப்புறம் கடைசித் தாளை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“பாதியில நிக்குது. அப்புறம் என்ன ஆகுது?”

இத்தனை வருடத்தில் எந்தக் கதையைப் பற்றியும் அவள் இப்படிக் கேட்டதில்லை. நான் தாளைப் பார்த்தேன். கடைசி வரியில் ‘தேற்வு’ அப்படியே இருந்தது. சத்தியமாக நான் வேண்டுமென்று போட்டதல்ல, அவசரத்தில் விழுந்தது. அக்கா அதைத் தாண்டிப் போயிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன்.

பதின்மூன்று வாங்குவாளா? பன்னிரண்டில் நின்றுவிடுவாளா? எனக்குத் தெரியாது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருக்கிறது. அவள் நகராமல் நின்றுகொண்டு, சொல்லுடா, சொல்லுடா என்கிறாள். நீங்களே ஒரு முடிவை எழுதிக் கொடுங்கள். எதை எழுதினாலும் சரி, அந்தத் ‘தேற்வு’ மேல் மட்டும் தயவுசெய்து கை வைத்துவிடாதீர்கள்.