எத்தனை பவுண்டு காற்று

தரையில் விழுந்த வால்வு மூடியை எடுக்க நான் இடுக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன். நானே செய்த நீளமான இடுக்கி அது. பழைய சைக்கிள் ஸ்போக்கு இரண்டை வளைத்து, முனையில் ரப்பர் துண்டு சுற்றிவிட்டால், நின்றபடியே தரையிலிருந்து எதையும் எடுக்கலாம். மூடி என் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இடுக்கி கிடைத்தும், எடுக்க எடுக்க நழுவியது. கமருன்னிசா வந்து குனிந்து அதை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். என் மனைவி சொல்வதிலேயே கடுமையானது, ஒன்றும் சொல்லாமல் போவதுதான்.

பினாங்குப் பக்கத்து லூனாஸில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் குனியாமல் இருப்பது, மீன் பிடிக்கிறவன் நனையாமல் இருப்பது போல. இது எனக்குத் தெரியாமல் இல்லை. எப்படி இப்படி ஆனது என்பதும் நன்றாகவே தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பொறுமையாக விளக்கவும் செய்வேன். கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கிறது. போன அறுவடையின்போது என் வலக்கண்ணில் நெல் உமி ஒன்று பட்டு, அந்தத் தோல் புண்ணாகி, ஆறும்போது வெள்ளையாகிவிட்டது. பின்னால் எல்லாம் சரியாக இருந்தது. சைக்கிள் விளக்கு எரிகிறது, முன்கண்ணாடியில் யாரோ சுண்ணாம்பு பூசிவிட்டார்கள், அவ்வளவுதான். பினாங்கில் கப்பலேறி மெட்ராஸ் போனேன். அங்கே இறந்துபோன ஒருவருடைய கண்ணிலிருந்து அந்தத் தோலை வட்டமாக வெட்டியெடுத்து, என் கண்ணிலும் அதே அளவு வட்டம் வெட்டி, அதில் பதித்து, பட்டு நூலால் குறுக்கே கட்டினார்கள். அந்த இடத்தில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் இன்னொருவருடையது அங்கே சேர்கிறது. அதனால்தான் சேர அவ்வளவு நாளும் ஆகிறது.

இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அடக்க முடியாமல் இருமினார். கொஞ்ச நேரத்தில் அவர் "ஐயோ, கண்ணுல ஈரமா இருக்கே" என்றார். நர்சுகள் ஓடிவந்தார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் சக்கரச் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை, கேட்டேன். கண்ணைக் கட்டியிருக்கும்போது கேட்பது வேறு எங்கோ போய்ப் பதிகிறது. தையலைப் பிரித்த பிறகு, இனிமேல் எல்லாம் செய்யலாம் என்றார்கள். செய்யாதே என்பதை இரவு பகலாகச் சொன்னவர்கள், செய்யலாம் என்பதை ஒரே ஒரு தடவை, அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே சொன்னார்கள்.

ஊர் திரும்பி ஒரு மழைக்காலம் முழுதும் போய்விட்டது. இன்னும் நான் தளும்பத் தளும்பத் தேநீர் ஏந்தியவன் மாதிரியே நடக்கிறேன். தொழுகை ஸ்டூலில் உட்கார்ந்துதான். நோயாளிக்கு அது ஆகும் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். தொடைகள் மெலிந்து, கைலி இடுப்பில் நிற்பதில்லை. கடைப்படி ஏறுவதற்கே சுவரைப் பிடிக்கிறேன். ஒருநாள் பம்பைக் கையில் எடுத்து நாலு அடி அடித்ததும் மூச்சு வாங்கியது. கண்ணுக்குப் பின்னால் ஏதோ துடித்தது. பம்பைச் சுவரில் சாய்த்துவிட்டேன். அன்றிலிருந்து டியூபுக்கு ஒட்டுப் போடுவதும் காற்றடிப்பதும் கமருதான். நான் நின்றபடி சொல்வேன், அவள் செய்வாள். இப்போது சொல்லக்கூட வேண்டியதில்லை.

அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து கடையில் வேலை கூடியிருந்தது. காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, ரப்பர் தோட்டத்து கேட்டில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் சைக்கிளைக்கூடச் சோதிப்பார்கள்.

"சீட்ட புடுங்கி, உள்ள கம்பி உட்டு ஆட்டுறானுங்க பாய்" என்றார் சின்னையா. பக்கத்துத் தோட்டத்துக்காரர், பழைய வாடிக்கை. "தெனமும் சீட்டு லூசாவுது, டயரும் முள்ளுல போவுது. ரொம்ப சூசா லா, பெரிய தொல்ல."

கமரு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருடைய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்னையா என் கண்ணையே பார்த்தார்.

"அந்த ஆளு பாத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"பார்வை கண்ணாடியில இல்ல சின்னையா, பின்னால இருக்கு. இது வெறும் சன்னல்."

"அப்ப சன்னலுக்கு ஏன் இவ்ளோ பயம்? நீங்கதான சொல்வீங்க, ஒட்டுப் போட்டா நிறுத்தி வக்காதீங்க, ஏறி ஓட்டிட்டுப் போங்கன்னு. உங்க ஒட்டு மட்டும் ஸ்டாண்டுலயே நிக்குது!"

நான் அப்படிச் சொல்வது உண்மைதான். காற்று உள்ளேயிருந்து தள்ளினால்தான் ஒட்டு டயரோடு அழுந்தி இறுகும். காற்றில்லாமல் மடித்து வைத்தால் ஓரம் கிளம்பிவிடும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கமரு தலை நிமிரவில்லை.

"நோன்புக்குள்ள இவங்க கீழ உக்காந்து வேலை பாக்கலைன்னா கடை எங்க அபூபக்கர் அண்ணனுக்கு. மளிகை வைக்கப் போறாராம். சொல்லியாச்சு" என்றாள், டியூபிடம் பேசுவது போல.

அதனால்தான் கண்ணைக் காட்டப் பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், தலையாட்டினார். நான் டாக்டரோடு இங்கிலீஷில் பேசுகிற டிரெஸ்ஸரிடம், "எவ்ளோ குனியலாம்னு கேளுங்க" என்றேன். அவர் கேட்டார். டாக்டர் சிரித்தார்.

"எவ்ளோ வேணும்னாலும் குனியலாமாம்."

இது ஒரு பதிலா? டயரின் பக்கவாட்டில் எத்தனை பவுண்டு காற்று தாங்கும் என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அடிக்கிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் என்று எந்த டயரிலும் எழுதியிருப்பதில்லை. படகில் பட்டர்வொர்த் வந்து பஸ் ஏறும்வரை நான் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கமரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லூனாஸ் வர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, இரு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருங்கிய வளைவில் பட்டாளத்து லாரி நின்றது. எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் முறை வருவதற்குள் மரங்களுக்குள்ளிருந்து ஒரு வெடிச்சத்தம். யாரோ கத்தினார்கள். எனக்கு அடுத்துத் தெரிந்தது, சேற்றின் குளிர்ச்சி. சாலையோரக் கால்வாயில் குப்புறக் கிடந்தேன். முட்டி வயிற்றுக்குக் கீழே, வலக்கன்னம் அழுகிய இலைகளுக்குள். அங்கே யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று தெரியவில்லை. பக்கத்தில் கமரு. எல்லோரும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்டுப்பன்றியாம். காவலுக்கு நின்ற ஒருவன் பயந்து சுட்டுவிட்டானாம். வெட்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். பஸ் கிளம்பிய பிறகு கமரு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அல்லாவுக்குக் குனியல. தாங்கு தாங்குன்னு தாங்குற எனக்காக ஒரு மூடிய எடுக்கக் குனியல. எவனோ பன்னிய சுட்டான், பொத்துன்னு விழுந்தீங்க."

"நான் விழல கமரு. உடம்பு விழுந்துச்சு."

"அப்ப அந்த உடம்புகிட்டயே சொல்லி நாளைக்குக் கடைய தொறக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். சேற்றில் கொஞ்சம் சிவந்திருந்தது. மற்றபடி, ஒட்டின் வட்ட ஓரம் எங்கேயும் அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன்தான். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. கிழிந்திருந்தால் எவ்வளவு தாங்கும் என்றாவது தெரிந்திருக்கும். கிழியவில்லையென்றால் பயமாவது போயிருக்க வேண்டும். இரண்டுமில்லை. ஒருமுறை தப்பிவிட்டாய், இனி வேண்டாம் என்று கழுத்து முன்னைவிட விறைத்துக்கொண்டது. எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாத ஒரே யந்திரம் அதுதான்.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. சாமான் பெட்டியின் மேல் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டியை வைத்தேன். நெஞ்சு உயரத்தில் தண்ணீர். நிமிர்ந்து நின்று, இமையை மட்டும் தாழ்த்தினால் போதும், குமிழி தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு என் கையால் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன்.

"பாய், கல்யாண ஊர்வலத்துல பேண்டு வாசிக்கிறவன் மாதிரி நிக்கிறீங்க" என்றார் சின்னையா.

"தண்ணிய மேல கொண்டுவந்தாச்சு" என்றாள் கமரு, எனக்குப் பதிலாகக் காற்றடித்துக்கொண்டே. "இனி பூமியையும் கொஞ்சம் தூக்கிட்டு வாங்க. சுலபமா இருக்கும்."

சின்னையா விழுந்து விழுந்து சிரித்தார். நான் அன்று முழுதும் அவளோடு பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்தபோது ஒரு தகரத்தைக் காணோம். தொட்டி இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

"தகரம் எங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"அரிசி கொட்டி வச்சிருக்கேன்."

"வேற தகரம் இல்லியா?"

"இருக்கு."

அம்மியில் மசாலா அரைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

சின்னையா இரவே விட்டுப்போன டியூபில் கொஞ்சமாகக் காற்று ஏற்றி, தண்ணீருக்குள் விட்டேன். எங்கோ குமிழியிடும் சத்தம் கேட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. முட்டியை மடக்கினேன். அது மடங்கியது. பிறகு இடுப்பு. கழுத்து கடைசியில், துருப்பிடித்த கைப்பிடி திரும்புவது மாதிரி, கொஞ்சம். தண்ணீரில் என் முகம் மேலே ஏறி வந்தது. வலக்கண்ணில் மெல்லிய வட்டம் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் துடிக்க ஆரம்பித்தது. ஓட்டை டியூபின் அடிப்பக்கம் இருக்கிறது போல. பார்க்க வேண்டுமானால் இன்னும் ஒரு சாண் இறங்க வேண்டும். தொட்டியின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உள்ளே அம்மிச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒரு குமிழி கிளம்பி மெதுவாக மேலே வந்து, தண்ணீரில் என் வலக்கண் இருந்த இடத்தில் உடைந்தது. அடுத்தது கிளம்பியது.