ஆளுக்கு வந்த ஜீப்

கேரள எல்லையில், வேலந்தாவளத்தை ஒட்டிய அந்தத் தென்னந்தோப்புக்கு அரசாங்க ஜீப் வந்தால், மாட்டுக்கு ஊசி போடத்தான் வரும். அருள்குமார் வரப்பிலிருந்தே சொன்னான்.

"மாடெல்லாம் சந்தையில வித்தாச்சுங்க. வீணா வந்துட்டீங்க."

"மாட்டைப் பார்க்க வரலை சேட்டா. பூபதிராஜா எங்கே?" என்றாள் நர்ஸ் சுஷ்மா.

அண்ணன் பூபதிராஜா மோட்டார் ரூமுக்குள் இருந்தான். லாரிகளெல்லாம் தன்னைப் பிடிக்க வருவதாக நினைத்து ரோட்டு நடுவில் போய் நின்றவனைத் தம்பிதான் உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தான். மனநோய்க்குப் போடும் மாத ஊசிக்கு ஆஸ்பத்திரி போக அண்ணன் பஸ் ஏற மாட்டேன் என்றான். இழுத்துப் பார்த்துச் சலித்துப்போய் அருள்குமாரும் விட்டுவிட்டான்.

"ரெண்டு மாசமா ஊசிக்கு ஆளைக் காணலை. அதான் வந்தோம்."

"ஒரு ஆளுக்காகவா இத்தன தூரம் வந்தீங்க?"

"பின்னே? அது சர்க்காரோட வேலை. பூட்டைத் திறங்க. இனிமே பூட்டவும் கூடாது."

அரசாங்கம் வரி கேட்டு வரும், கரண்டைப் பிடுங்க வரும். ஒருத்தனைக் காணவில்லையே என்று தேடியும் வரும் என்பதை அவன் கனவிலும் நினைத்ததில்லை. பூட்டைத் திறந்தான்.

"என்னயப் புடிக்கவா வந்திருக்கீங்க?" உள்ளிருந்து கேட்டான் பூபதிராஜா.

"ஊசி போட. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

சுஷ்மா வெயிலில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். ஜீப்பிலிருந்த டாக்டரும் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் அவசரமே இல்லை. அருள்குமார் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து, சட்டைக் கையைச் சுருட்டியபடி பூபதிராஜா வெளியே வந்தான்.

"ஏன்டா, வந்தவங்களுக்கு எளநி கூட வெட்டலியா?"