கடல் பக்கத்து அறை

தலையணை உறையை மாற்றுவதற்காக நிரஞ்சனி அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அந்த நிலையிலும் அவர் ஐபேடைக் கையிலிருந்து விடவில்லை.

"அதைக் கொஞ்சம் கீழ வையுங்கோவன் அப்பா."

"பொறு பிள்ளை. படியில ஏறிக்கொண்டிருக்கிறன்."

ஏறிக்கொண்டிருந்தது அவருடைய சுட்டுவிரல். கரீபியன் பக்கம், பிரெஞ்சு பேசுகிற மார்த்தினிக் தீவில் கடலோரமாக இருந்த ஒரு வீட்டை, அதை வாடகைக்கு விடுகிறவர்கள் மூலைமுடுக்கெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். விரலால் தள்ளினால் வாசல் வரும், கூடம் வரும், குசினி வரும், மரப்படி வரும். அப்பா அருமைநாதன் சில மாதங்களாக அந்த வீட்டுக்குள்தான் குடியிருந்தார். குசினியில் எந்த அலுமாரிக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியும். உடம்பு மட்டும் மொன்றியலில், அஹுன்ட்சிக்கில், மகள் வீட்டு முன்னறையில், சுகாதார நிலையத்தார் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போன இரும்புக் கட்டிலில் கிடந்தது.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாக அங்கே போய் ஒரு கிழமை தங்குவது என்று முடிவெடுத்தவரும் அவர்தான். வயிற்று நோவுக்கு டொக்டர்மார் பெயர் வைப்பதற்கு முன்பு நடந்தது அது. பிள்ளைகளிடம் ஒரு சோடிச் சப்பாத்துக்கூடக் கேட்டிராத மனிதர் திடீரென்று ஒரு தீவைக் கேட்டதில் எல்லோரும் ஆடிப்போனார்கள். ஹோட்டல்தான் வசதி என்று ரொறன்ரோவிலிருந்து அண்ணன் றெக்ஸ் சொல்லிப் பார்த்தான். "ஹோட்டல் வேண்டாம், வீடா இருக்கோணும்" என்று பிடித்த பிடியாய் நின்றார். மன்னார்க்காரர், கடலைப் பார்த்து வளர்ந்தவர், வயதான காலத்தில் கடலுக்கு ஏங்குகிறார் என்று பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றவர்களுக்கும் அதையே சொன்னார்கள். சொல்லும்போது கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது, சொன்னவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அம்மா அக்னெஸ் மட்டும் மசியவில்லை. "கடலாவது கத்தரிக்காயாவது. அங்க போயும் நான்தானே உங்கள் எல்லாருக்கும் அவிச்சுக் கொட்டோணும்."

அறைகளைப் பிரித்துக் கொடுத்தவள் நிரஞ்சனி. ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி பிரித்திருந்தாள். மேல்மாடியில் கடலைப் பார்த்த பெரிய அறை றெக்சுக்கும் அண்ணிக்கும். அண்ணிக்கு நல்ல அறை கிடைக்காவிட்டால் ஒரு கிழமையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? அதற்குப் பக்கத்து அறை தனக்கும் கணவனுக்கும். தன் மகள்மார் இருவரும் அம்மம்மாவோடு. அப்பா இரவில் அடிக்கடி எழும்புகிறவர், ஆகவே கீழே கழிவறைக்குப் பக்கத்துச் சின்ன அறை, ஒற்றைக் கட்டில். எந்தத் தமிழ் மகளைக் கேட்டாலும் இப்படித்தான் பிரித்திருப்பாள்.

இனி அதெல்லாம் கதை. இந்தக் கிழமை தாண்டாது என்று முந்தின நாள் வந்த தாதி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பயணத்தை நிற்பாட்டச் சொல்லி றெக்ஸ் நச்சரித்துக்கொண்டிருந்தான். நிரஞ்சனிக்குக் கை வரவில்லை. ஒரு மனிதர் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டை எப்படி இல்லையென்று ஆக்குவது?

அவரைத் தலையணையில் சாய்த்தாள். விரல் மேல் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எப்போதும் அங்கே போய்த்தான் நிற்கும். வெள்ளை நுளம்பு வலை கட்டிய அகலமான கட்டில். அதற்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்கு அப்பால் ஒரே நீலம்.

"வடிவான கடல், என்னப்பா?"

"ம்." அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடலை அல்ல என்பது அவளுக்கு அப்போது தெரியாது. "இது றெக்சுக்கோ?"

"ஓம்."

"அம்மாவுக்கு?"

"அம்மா பிள்ளையளோட. அதுகளுக்கு அம்மம்மா இல்லாட்டி நித்திரை வராதே."

குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அருமைநாதன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்டு கேப்பன். நீ சிரிக்கக் கூடாது."

"நான் ஏன் சிரிக்கப்போறன்?"

"இந்த அறையை எங்களுக்குத் தாவன்."

"உங்களுக்குப் படியேற ஏலாதப்பா. கீழ் அறையெண்டால் எல்லாம் கைக்கெட்டின தூரத்தில..."

"படியேறுறது என்ர பாடு." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எங்களுக்கு எண்டு சொன்னனான். எனக்கும் கொம்மாவுக்கும்."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எழுபது தாண்டிய மனிதருக்கு, மகளுக்கு முன்னால் வெட்கம் வந்துவிட்டது.

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மொன்றியலின் மறுபக்கம், கோட்-டெ-நேஜில் அவள் வளர்ந்த வீடு நினைவுக்கு வந்தது. அறைகள் இரண்டு. ஒன்றில் எப்போதும் புதிதாக வந்து இறங்கிய யாராவது இருப்பார்கள், சித்தப்பா, மாமா, மாமாவின் சிநேகிதன். மற்ற அறையில் ஒரு கட்டில், அதன் கீழே பாயில் அவளும் றெக்சும். அப்பாவுக்கு டவுன்டவுன் உணவகமொன்றில் இரவுச் சமையல். விடிய அவர் வீடு திரும்பும்போது அம்மா பிள்ளைகள் காப்பகத்துக்குச் சமைக்கப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். வாசலில் ஒருவர் சப்பாத்தைக் கழற்ற, மற்றவர் மாட்டுவார். "கறி அடுப்பில இருக்கு." "பஸ் பிந்துது, கவனம்." கதைத்ததெல்லாம் அவ்வளவுதான். பிறகு அப்பா, அம்மா எழும்பிப்போன இடத்தில் போய்ப் படுப்பார். போர்வையை மடிக்காமல் விட்டுவிட்டுப் போகும்படி அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். மடித்தால் சூடு போய்விடுமாம். கனடாக் குளிருக்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் சிறுமி நிரஞ்சனி நினைத்திருந்தாள்.

அதற்கு முன்னே அவர் தனியாக இங்கே, அம்மா பிள்ளைகளோடு ஊரிலே என்று போன வருடங்கள் வேறு. ஓய்வு பெற்ற பிறகாவது என்றால், மகள் வீட்டுக்கு வந்த உடனேயே பேத்திகள் அம்மம்மாவைத் தங்கள் அறைக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்பா முன்னறை சோபாவுக்கு வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஹோட்டல் என்றால் அறைக்கு நாலு பேராக அடைத்துவிடுவார்கள் என்று பயந்திருப்பார், அதுதான் வீடு வேண்டும் என்றிருக்கிறார். கடலும் இல்லை, மன்னாரும் இல்லை. உள்ளே இரண்டு பேர் இருக்க, சாத்தக்கூடிய ஒரு கதவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக்கூட விளங்கிக்கொள்ளாமல் கழிவறைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கட்டில் போட்டுக் கொடுத்த தன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"சரியப்பா. மேல் அறை உங்கள் ரெண்டு பேருக்கும். இப்பவே போன் அடிச்சுச் சொல்லிவிடுறன்."

"றெக்ஸ் கோவிப்பான்."

"கோவிக்கட்டும்."

"அவன்ர மனிசி?"

"அவ கீழ போய் ஒற்றைக் கட்டிலில படுக்கட்டும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஆனாலும் சிரித்தார்.

தொலைபேசியில் றெக்சிடம் சொன்னபோது, "நாங்கள் போகப்போறமோ, இதில அறையை மாத்திறதுக்கு?" என்றான்.

"போறமோ இல்லையோ, அறை அவைக்கு."

"நான் நாளைக்கு விடிய வெளிக்கிடுறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.

தீவில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் எலிசா. நிரஞ்சனியின் பிரெஞ்சைக் கேட்டதுமே, உங்கள் ஊரில் இன்றைக்கு எவ்வளவு பனி என்று விசாரித்துச் சிரிக்கிறவள். நிரஞ்சனி சொன்னதும் தன் பட்டியலில் அறையை மாற்றிக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒன்று கேட்டாள். மேல் அறையில் இருப்பது உண்மையில் இரண்டு கட்டில்கள், படத்துக்காகச் சேர்த்துப் போட்டது. உங்கள் பெற்றோருக்கு எப்படி வேண்டும், ஒரே கட்டிலாகவா, தனித்தனியாகவா?

அந்த நேரம் பார்த்து அம்மா கஞ்சிக் கோப்பையோடு முன்னறைக்கு வந்தாள். தாய் தகப்பனின் கட்டிலைப் பற்றிக் கதைக்க நிரஞ்சனிக்குத் தமிழிலும் நா எழவில்லை, பிரெஞ்சிலும் எழவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பரவாயில்லை, நாளைக்கு நானே தொலைபேசியில் அழைக்கிறேன் என்றாள் எலிசா.

அன்று பின்னேரம் குசினியில் வைத்து அம்மாவிடம் சொன்னாள்.

"அப்பா மேல் அறையைக் கேட்டவர். உங்கள் ரெண்டு பேருக்குமெண்டு."

அக்னெஸ் கழுவி முடித்த கோப்பையை மறுபடியும் கழுவினாள்.

"உன்னட்டையே கேட்டவர்?"

"ஓம்."

"வெக்கமில்லாத மனிசன்." ஆனால் முகத்தில் கோபம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். பிறகு உள்ளே போய்த் தலையிழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். கட்டில் ஒன்றா இரண்டா என்று அப்போதே கேட்டிருக்கலாம். காலையில் கேட்போம் என்று நிரஞ்சனி விட்டுவிட்டாள்.

நோயாளி விழாமலிருக்க அந்தக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு இருந்தது. அக்னெஸ் கம்பிகளுக்கு இடையால் கையை நுழைத்துக் கணவனின் கையைப் பிடித்திருந்தாள்.

"இந்தக் கம்பியை எப்பிடிப் பிள்ளை இறக்கிறது?"

"இறக்கக் கூடாதம்மா. விழுந்திடுவார் எண்டு தாதி சொன்னவ."

"சரி, சரி. நீ போய்ப் படு."

காலையில் நிரஞ்சனி கீழே இறங்கி வந்தபோது தெருவில் பனி அள்ளும் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதே கதிரையில், அதே கம்பிக்குள் கையை விட்டபடி இருந்தாள்.

"நிரஞ்சி, கை குளிருது."

"ஹீட்டரைக் கூட்டட்டே அம்மா?"

"என்ர இல்லை. அவற்ர."

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. தாதி வந்தாள், பார்த்தாள், எழுதினாள், நிரஞ்சனியைக் கட்டிக்கொண்டாள். பங்குத் தந்தைக்குச் சொல்லியாயிற்று. றெக்ஸ் அப்போது பாதி வழியில் கிங்ஸ்டனைத் தாண்டிக்கொண்டிருந்தான், பிள்ளை தனியாகக் கார் ஓடுகிறான், வந்து சேரட்டும் என்று அம்மா அவனுக்குச் சொல்ல விடவில்லை. பிள்ளைகளை நிரஞ்சனியின் கணவன் பக்கத்து வீட்டில் விட்டுவரப் போனான். உடலைக் கொண்டுபோக வந்த, கறுப்பு மேலங்கி போட்ட இருவர் தங்கள் சப்பாத்துகளுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கோயிலுக்குள் நடப்பதுபோல நடந்தார்கள். அக்னெஸ் கணவனின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். அழவில்லை. "சால்வையைக் காதை மூடிப் போடச் சொல்லு, வெளியில காத்து" என்றாள். நிரஞ்சனி அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு, அப்படியே செய்தார்.

கதவு சாத்திய பிறகு வீடு வெறிச்சென்றிருந்தது. நிரஞ்சனி செய்வதற்கு ஏதாவது வேண்டும்போல் இருந்ததால் கட்டிலை ஒதுக்கத் தொடங்கினாள். போர்வையை எடுத்து உதறினாள்.

"மடிக்காத," என்றாள் அம்மா. "விடு."

நிரஞ்சனியின் கை நின்றது.

"இப்பவெண்டாலும் அந்தக் கம்பியை இறக்கிவிடு பிள்ளை."

பக்கவாட்டிலிருந்த பிடியை அழுத்தியதும் கம்பி சடாரென்று கீழே விழுந்தது. ஒரு விரல் வேலை. நேற்று இரவே இறக்கியிருக்கலாம் என்று நினைத்ததும் நிரஞ்சனிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குசினிக்குள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி எட்டிப் பார்த்தபோது அம்மா செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்திருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்திருந்தாள்.

அப்போது தொலைபேசி அடித்தது.

"போன்ஜூர் மதாம்! எலிசா பேசுகிறேன்." பின்னால் ஏதோ பறவை கத்தியது. யாரோ முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். "மேல் அறையை இன்றைக்குத் துப்புரவாக்குகிறோம். கட்டில் விசயம் கேட்டீர்களா?"

எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொல்லத்தான் நிரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"ஆர் பிள்ளை?" முன்னறையிலிருந்து அம்மா.

"அந்தத் தீவு வீட்டுப் பிள்ளை அம்மா."

"என்னவாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு இனிப் பொய்க்கும் தென்பில்லை.

"மேல் அறைக்கு... ஒரு கட்டிலோ, ரெண்டு கட்டிலோ எண்டு கேக்கிறா."

தெருவில் பனி வண்டி நின்றுவிட்டிருந்தது. எலிசா பொறுமையாகக் காத்திருந்தாள். அம்மா நித்திரையாகிவிட்டாளோ என்று நிரஞ்சனி முன்னறை வாசலுக்கு வந்தாள்.

"ஒண்டெண்டு சொல்லு," என்றாள் அம்மா.

நிரஞ்சனி சொன்னாள். எலிசா நன்றி சொல்லி, மார்ச்சில் சந்திப்போம் என்று தொலைபேசியை வைத்தாள்.

அந்த ஒடுங்கிய கட்டிலில் அக்னெஸ் மற்றப் பக்கத்துக் கம்பியில் முதுகு ஒட்ட, ஒருக்களித்து, விளிம்பிலே ஒதுங்கிப் படுத்திருந்தாள். அவளுக்கு முன்னால் பாதிக் கட்டில் காலியாக இருந்தது.