இரண்டு வாரம் போனைத் தொடாதே

எனக்கு வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால் அக்காவுக்கு வேலை இருந்திருக்கும்.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குத் தேதி கொடுப்பவள். டாக்டர்கள் அனுப்பும் கடிதத்தைப் பார்த்து, நோயாளியின் விவரங்களை இன்னொரு திரையில் ஏற்றி, காலியாக இருக்கும் நேரத்தைக் கொடுக்க வேண்டும். பதினேழு வருஷமாக அதுதான் வேலை. மாமா போன பிறகு அவளுக்கும் படிக்கிற மகளுக்கும் அந்தச் சம்பளம்தான்.

என் கம்பெனி அங்கே ஒரு மென்பொருளைப் பொருத்தியது. ஊழியர்கள் எந்தத் திரையைத் திறக்கிறார்கள், எதை எங்கே ஒட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருக்கிறார்கள் என்று இரண்டு வாரம் அது பதிவு செய்யும். எந்த வேலையை இயந்திரத்திடம் விடலாம் என்று அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். பொருத்துவதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும் பெரிய மேதாவி மாதிரி அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

மந்தமாக வேலை செய்கிறவர்களைத்தான் தூக்குவார்கள் என்று அடித்துச் சொன்னேன். அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. வயதானவருக்குக் காலை எட்டு மணி விழுந்தால் போனை எடுத்துவிடுவாள். மருந்து விட்டால் கண் தெரியாதே, கூட வர ஆள் இருக்கிறதா, பஸ் கிடைக்குமா என்று சம்பந்தி வீட்டாரை விசாரிப்பதுபோல விசாரித்து நேரத்தை மாற்றுவாள். அதெல்லாம் வெட்டி நேரம் என்று பதிவாகும், இரண்டு வாரம் போனைத் தொடாதே, எல்லாக் கடிதத்தையும் ஒரே மாதிரி முடி என்றேன்.

"பாவம்டா, பெரியவங்க அலைவாங்களே" என்றாள்.

மகளின் படிப்பைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

இரண்டு வாரம் முடிந்து வந்த அறிக்கையைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். மற்ற பிரிவுகளில் வேலை நாளுக்கு நாள் மாறுகிறதாம், அதை இயந்திரத்துக்குப் பழக்க முடியாதாம். கண் பிரிவில் மட்டும் ஒரே வழி, ஒரே வேகம், ஒரு பிழைகூட இல்லை. மனிதர் யோசிக்க வேண்டிய இடம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. என் கம்பெனி மேலாளரிடம் ஓடி, அக்கா ஒவ்வொருவரிடமும் பேசித்தான் தேதி கொடுப்பாள் என்று கெஞ்சினேன். அவர் பதிவைக் காட்டினார். இரண்டு வாரத்தில் ஒரு போன்கூட இல்லை.

வேலையின் கடைசி நாள் அக்கா பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"நீ சொன்ன மாதிரியேதான்டா செஞ்சேன். எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. ஒரு தப்புகூட இல்ல."

எவ்வளவு பெரிய பாவி நான். என்மேல் அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காலை எட்டு மணி விழுந்த பெரியவர்களின் பேரும் நம்பரும் நிறைய இருந்தன. இரண்டு வாரம்தானே, முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று குறித்து வைத்திருக்கிறாள். போனை எடுத்து முதல் நம்பரை அழுத்தினாள்.

"ஐயா, வணக்கம். கண் பிரிவுலேருந்து…" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. போனில் அந்தப் பெரியவர் மட்டும், யாரும்மா, யாரும்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.